பிஆர் கார்டும் வோட்டும்: ஸ்காபரோவுக்குப் புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது நாலு கேள்வி. வரிப் படிவம் நிரப்பித் தந்தவர் "தேர்தல் பெட்டியையும் டிக் பண்ணிவிட்டன்" என்று சொன்னாராம், அது சரியா? பிஆர் கார்டோடு, அதாவது நிரந்தர வதிவிட அட்டையோடு, ஒக்டோபர் ரொறன்ரோ நகரசபைத் தேர்தலில் வோட்டுப் போடலாமா? மோர்னிங்சைட் பக்கம் பேஸ்மென்டில் இருப்பவருக்கு எது வட்டாரம்? குளிர் உடுப்பும் கார் லைசென்ஸும் எப்படி? கடைசிக் கேள்விக்கு எந்தத் தமிழ்க்கடையில் நின்றாலும் பத்துப் பேர் பதில் சொல்லுவினம். மற்ற மூன்றையும் நான் சொல்கிறேன். பிழைத்தால் குடியுரிமை வரை இழுக்கிற விஷயம் அது.

முதலில் அந்தப் பெட்டி. வரிப் படிவத்தின் தொடக்கத்தில் இரண்டு கேள்வி இருக்கும். நீங்கள் கனடியக் குடிமகனா என்பது ஒன்று. ஆம் என்றால், உங்கள் பெயரையும் முகவரியையும் தேர்தல் திணைக்களத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்பது மற்றது. பிஆர் ஆள் முதலாவதுக்கு "இல்லை" என்று போட்டுவிட்டு இரண்டாவதைத் தொடாமல் போகவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது படிவம் நிரப்புகிறவர்கள் கை போன போக்கில் இரண்டையும் தட்டிவிடுவார்கள். கையெழுத்து உங்களுடையது, பொய் சொன்னவராக நிற்பதும் நீங்கள்தான். இன்றைக்கே அவரிடம் பிரதி கேட்டு வாங்கிப் பாருங்கள். பிழை என்றால் திருத்தம் அனுப்புங்கள். ஒன்ராறியோவில் மாகாணத்துக்கும் நகரசபைகளுக்கும் 2024 ஜனவரி முதல் ஒரே வாக்காளர் பதிவேடுதான், மாகாணத் தேர்தல் அலுவலகம் வைத்திருக்கிறது. அதில் உங்கள் பெயர் ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லி அவர்களுக்கும் எழுதுங்கள்.

பெயர் ஏறிவிட்டால் உரிமை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இங்கே நகரசபைக்கு வோட்டுப் போடக் குடியுரிமை வேண்டும், 18 வயது வேண்டும், நகருக்குள் வசிக்கவேண்டும். வெளியே வசித்தாலும் நகருக்குள் நீங்களோ துணையோ சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் வைத்திருந்தால் போடலாம். உரிமையில்லாமல் போடுவது ஒன்ராறியோ நகரசபைத் தேர்தல் சட்டப்படி குற்றம், தண்டம் 25,000 டொலர் வரை போகும். "லண்டனில் என்ர மச்சான் போய் இறங்கின வருசமே போட்டவன்" என்று ஒருவர் சொல்லியிருப்பார், அதுவும் உண்மை. பிரித்தானியாவில் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் பொதுநலவாய நாட்டுக்காரர் என்ற கணக்கில், விசா இருந்தாலே போடலாம். அந்தச் சட்டம் அட்லாண்டிக்கைத் தாண்டி வராது. ரொறன்ரோ நகரசபை 2013 இல் பிஆர் ஆக்களுக்கும் வோட்டுக் கொடுங்கள் என்று மாகாணத்தைக் கேட்டது. மாகாணம் கொடுக்கவில்லை.

தேர்தல் நெருங்கும்போது பேஸ்மென்ட் கதவுக்கு முன்னால் பழைய வாடகைக்காரர் பெயரில் வாக்காளர் கார்ட் கிடக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "இங்கே இல்லை" என்று எழுதித் தபாலில் திருப்பிவிடுங்கள்.

இனி வட்டாரம். நகரசபையின் இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் உறுதியாகத் தெரியும். மோர்னிங்சைட் என்றால் பெரும்பாலும் வார்ட் 25, ஸ்காபரோ ரூஜ் பார்க். மிருகக்காட்சிச்சாலையும் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் இதற்குள்தான். ஹைலண்ட் கிரீக், வெஸ்ட் ஹில், போர்ட் யூனியன், மல்வேர்னில் ஒரு பகுதி எல்லாம் சேரும். குழப்பம் எங்கே என்றால், 2018 இல் நகர வட்டாரங்களை அப்போதைய பாராளுமன்றத் தொகுதி எல்லைகளிலேயே வெட்டினார்கள். பிறகு 2025 இல் பாராளுமன்றத் தொகுதி மட்டும் மாறி ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க் ஆனது. ஹரி ஆனந்தசங்கரி இப்போது அதற்கு எம்.பி. மாகாணசபைக்கும் நகரசபைக்கும் பழைய பெயர்தான். ஆகவே ஒரே வீதியில் மூன்று அலுவலகம். குடிவரவுக் கோப்பு இழுபட்டால் எம்.பி., ஓகிப் கார்ட் (மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை), லைசென்ஸ் பிரச்சினை என்றால் மாகாண உறுப்பினர், குப்பை, பனி தள்ளாதது, தெருவில் கார் நிறுத்துவது என்றால் கவுன்சிலர். ஸ்பொன்சர் கோப்பைத் தூக்கிக்கொண்டு கவுன்சிலரிடம் போய் "நம்ம ஆள் செய்யேல்லை" என்று திட்டிக்கொண்டு திரும்புகிற ஆக்களைப் பார்த்து அலுத்துவிட்டது. முதலில் நகரசபையின் தொலைபேசிச் சேவையான 311 க்கு அடியுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள், ஒன்றும் நடக்காவிட்டால் அந்த இலக்கத்தோடு கவுன்சிலர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். இதற்கு வோட்டு வேண்டாம், வசித்தால் போதும்.

இந்த வட்டாரத்தின் கதை தெரிந்தால்தான் அந்த "நம்ம ஆள்" பேச்சு விளங்கும். முன்பு இந்தப் பக்கத்தின் வடபாதி பழைய வார்ட் 42. ரேமண்ட் சோ 1991 இல் மெட்ரோ சபைக்குப் போனவர், நகரங்கள் ஒன்றான பிறகும் 2016 வரை விடாமல் இருந்தார். கொரிய இனத்தவர் அவர், ஆனால் தமிழர் வீட்டுக் கலியாணம், செத்தவீடு என்று ஒன்றும் விடமாட்டார். 2016 செப்டம்பரில் மாகாண இடைத்தேர்தலுக்கு அவர் கொன்சர்வேட்டிவில் நின்றபோது லிபரலில் பிரகல் திரு, என்டிபியில் நீதன் சான். தமிழர் இருவரும் எடுத்ததைக் கூட்டினால் சோ எடுத்ததைவிடக் கன தூரம் அதிகம். வென்றது சோ. மண்டபங்களில் மாதக்கணக்காய் இதே கதைதான். ஆனால் கட்சி வேறு, கொள்கை வேறு, கூட்டிப் பார்க்கிற கணக்கு அல்ல இது என்று சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டினம்.

சோ விட்டுப்போன வார்ட் 42 க்கு 2017 பெப்ரவரி 13 இல் இடைத்தேர்தல். நல்ல குளிர். நீதன் சான் வென்றார், ரொறன்ரோ நகரசபைக்குப் போன முதல் தமிழர். அடுத்த வருசம் 47 வட்டாரமாகக் கூட்டி நகரசபை தேர்தலுக்குத் தயாராய் நின்றது. வேட்புமனு முடிகிற நாள், ஜூலை 27, முதலமைச்சர் டக் ஃபோர்ட் வந்து 25 ஆகக் குறைக்கிறேன் என்றார். செப்டம்பர் 10 இல் ஒரு நீதிபதி செல்லாது என்றார், 19 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஒக்டோபர் 22 வாக்களிப்பு. வீடு வீடாய்ப் போனவர்களுக்கே எந்தத் தெரு தங்களுடையது என்று தெரியாத நாட்கள் அவை. வார்ட் 42 இன் ஒரு துண்டு 23 க்குப் போனது. மீதி, தெற்கே ஹைலண்ட் கிரீக், போர்ட் யூனியன் பக்கத்தோடு ஒட்டப்பட்டு 25 ஆனது. தெற்குப் பக்கத்துப் புவியியல் விஞ்ஞானி ஜெனிஃபர் மக்கெல்வியும் நீதன் சானும் மோதினார்கள், இருவருக்கும் 11,000 க்கு மேல். வென்றது மக்கெல்வி, வித்தியாசம் 154 வோட்டு.

154 என்றால் மோர்னிங்சைட்டில் ஒரு உயரக் கட்டடத்தின் சில மாடிகள். அன்றைக்கு "லைன் நீளம், நாளைக்கு ஷிஃப்ட்" என்று வீட்டில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். முற்றத்தில் வேட்பாளரின் சைன் பலகை நட்டவர்களிலும் வோட்டுப் போடாதவர்கள் இருந்தார்கள். சைன் நடுவது சுகம், வாக்களிப்புக்கு 25 நாளுக்கு மேல் இருக்கும்போது நட்டுவைக்கக் கூடாது என்பதைத் தவிர ஒரு கஷ்டமும் இல்லை. 2022 இல் நகரம் முழுக்கவே 30 வீதம் பேர்கூடப் போகவில்லை.

மக்கெல்வி 2022 இலும் வென்று, துணை மேயராகி, மேயர் ஜோன் டோரி விலகினபோது இடைக்காலத்துக்குப் பொறுப்பெடுத்து, 2025 ஏப்ரலில் ஏஜாக்ஸ் எம்.பி. ஆனார். காலியான இடத்துக்கு 2025 செப்டம்பர் 29 இல் இடைத்தேர்தல், வென்றது நீதன் சான். இரண்டு முறையும் அவர் உள்ளே போனது இடைத்தேர்தலால். பொதுத் தேர்தலில் இந்த வட்டாரத்தை அவர் இன்னும் வெல்லவில்லை. அடுத்தது 2026 ஒக்டோபர் 26.

நீங்கள் போட முடியாது, ஆனால் சும்மா இருக்கவும் தேவையில்லை. ஒன்ராறியோவில் வசிக்கிற எவரும் வேட்பாளருக்குக் காசு கொடுக்கலாம், பிஆரும் கொடுக்கலாம். கவுன்சிலருக்கு 1,200 டொலர்தான் எல்லை. 25 டொலருக்கு மேல் என்றால் கையில் நோட்டாகக் கொடுக்கக்கூடாது. கடையின் கணக்கிலிருந்தோ கம்பனிச் செக்கிலோ கொடுக்கவே கூடாது. எங்கட ஆக்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான், பிறகு வேட்பாளர் திருப்பி அனுப்பவேண்டி வரும்.

மேல்மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் குடியுரிமை உள்ளவர் என்றீர்கள். அவருக்குச் சொல்லுங்கள்: காலை 10 முதல் இரவு 8 வரை. பெயரும் ரொறன்ரோ முகவரியும் அச்சில் உள்ள ஒரு கடதாசி, லைசென்ஸோ கரண்ட் பில்லோ வங்கிக் கடிதமோ, கையில் வேண்டும். பாஸ்போர்ட்டில் முகவரி அச்சில் இல்லை, அது மட்டும் போதாது. வேலை நேரம் இடித்தால், வாக்களிப்பு நேரத்துக்குள் தொடர்ந்து மூன்று மணித்தியாலம் கிடைக்கிறமாதிரி விட முதலாளி கடமைப்பட்டவர். நேரத்தைத் தீர்மானிப்பது முதலாளி, ஆகவே ஒரு கிழமை முன்பே கேட்கவேண்டும். மேயர், கவுன்சிலர் இரண்டையும் போட்டுவிட்டுக் கல்விச்சபை உறுப்பினருக்கான வோட்டை வெறுமையாய் விடுகிறவர்கள் கனபேர். பிள்ளை கத்தோலிக்கப் பள்ளி என்றால் பள்ளி ஆதரவை, அதாவது எந்தப் பள்ளிச் சபையின் ஆதரவாளர் என்ற பதிவை, படிவம் போட்டு மாற்றாவிட்டால் பொதுப் பள்ளிச் சபையின் சீட்டுத்தான் கையில் வரும். அந்த மாற்றத்தை இப்போதே செய்யச் சொல்லுங்கள், ஒக்டோபரில் வாசலில் நின்று வாதாட வேண்டாம்.