வாசகர் கேள்வி – பதில்: மூன்று கிழமை விருந்தாளிகள்

கேள்வி: பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு என் மகன் மனைவி பிள்ளைகளோடு பாரிசிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வருகிறான். தொலைபேசியில் கதைக்கும் ஒவ்வொரு முறையும், "அம்மா, உங்கட கையால இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாப் போதும்" என்கிறான். எனக்கு அறுபத்தெட்டு வயது. இடியப்பம் பிழியக் கை இடங்கொடுப்பதில்லை; இப்போதெல்லாம் கடையில்தான் வாங்குகிறோம். இதை அவனுக்கு எப்படிச் சொல்வது? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள் அம்மா. இருபத்திரண்டு ஆண்டுகள் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்துவிட்டு, 1990இல் நின்றுபோன ரயில் மீண்டும் கிளிநொச்சிவரை ஓடத் தொடங்கிய 2013ஆம் ஆண்டில் ஊர் திரும்பியவள் என்பதால், உங்கள் மகனின் பக்கத்தில் நின்றும் இதைப் பற்றி என்னால் பேச முடியும். வெளிநாட்டில் இருப்பவரின் நினைவில் உள்ள அடுக்களைக்கு வயது ஏறுவதே இல்லை. அங்கே அம்மா எப்போதும் நாற்பது வயதுக்காரியாகவே அடுப்படியில் நிற்கிறார்.

போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002 பெப்ரவரியில் திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு நான் முதன்முறையாக விடுமுறையில் வந்தேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பொதிகளைத் திறந்து காட்டி, மறுபடியும் ஏறி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு முள்ளியவளைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் விடியப்புறம் மூன்று மணிக்கே எழுந்து அம்மா மா குழைத்து இடியப்பம் பிழிந்திருந்தார். எத்தனை தின்றேன் என்று எண்ணவில்லை. அன்று பின்னேரம் திண்ணையில் இருந்து அவர் வலது உள்ளங்கையில் சித்தாலேப பூசுவதைக் கண்டேன். இடியப்ப உரலின் பிடி அழுத்திய தடம் கன்றிச் சிவந்திருந்தது. அந்த உரலும் எங்களுடையதன்று, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. எங்களுடைய உரல் இடம்பெயர்ந்த காலத்தில் எங்கேயோ விடுபட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் இடியப்பத்தைப் பற்றிக் கதைத்த நான், உரல் இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகையால் இடியப்பத்தைக் கடையிலேயே வாங்குங்கள். சொதியை மட்டும் நீங்கள் வையுங்கள். இரண்டாம் பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தயமும் அவிந்த பிறகு முதற்பாலை விட்டு, அது பொங்கித் திரிந்துவிடாமல் பார்த்திருந்து இறக்கி, கடைசியில் தேசிக்காய் பிழிகிற அந்தப் பக்குவம்தான் உங்களுடைய கை. மாவை யார் பிழிந்தாலென்ன! உங்கள் மகனுக்குப் பிழிந்த இடியப்பம்தான் வேண்டுமென்றால் உரலை அவரிடமே கொடுங்கள். பாரிசில் உணவகச் சமையலறைகளில் நின்று பழகிய நம் ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர். இங்கே வந்ததும் கதிரையில் அமர்ந்து தேத்தண்ணீர் கேட்பது வழக்கத்தால் வருவதே தவிர, வேலை தெரியாமல் அல்ல.

பேரப்பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது என்று கவலைப்பட்டு, நகரத்துக் கடைகளில் மக்கரோனி தேடி அலைய வேண்டாம். முட்டியில் உறைந்த எருமைத் தயிரும் பனங்கட்டியும் வாழைப்பழமும் அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, தின்னச் சொல்லி வற்புறுத்தாமல் அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

கேள்வி: என் பிள்ளைகள் வன்னியிலுள்ள அம்மம்மாவுடன் கதைப்பது "சாப்பிட்டியா", "ஓம்" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன கதைப்பதென்று இருபக்கத்துக்கும் தெரியவில்லை. (வாசகர், சுவிற்சர்லாந்து)

பதில்: நீங்கள் அழைக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து நீங்கள் அழைக்கும்போது இங்கே நள்ளிரவாகியிருக்கும். பாதித் தூக்கத்தில் எழும்பிய அம்மம்மாவிடமிருந்து என்ன கதை வரும்? கோடையில் மூன்றரை மணித்தியாலமும் மாரியில் நாலரை மணித்தியாலமும் நாங்கள் உங்களுக்கு முன்னால் இருக்கிறோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீங்கள் அழைத்தால் அவர் அடுக்களையில் நிற்பார். கைபேசியை அம்மிக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். விரால் மீனுக்குச் சாம்பல் பூசி உரசிக் கழுவும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை, தானாகவே கேள்வி கேட்கும்.

"சாப்பிட்டியா" என்பதைச் சின்னக் கேள்வியாக எண்ணவும் வேண்டாம். அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு இறுதிப் போருக்குள் வரிசையில் நின்ற 2009ஆம் ஆண்டை வாழ்ந்து கடந்த தலைமுறை கேட்கும் கேள்வி அது. ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி ஏன் காய்ச்சப்படுகிறது என்பதை, பிள்ளைகளுக்கு விளங்கும் வயது வந்ததும், அம்மம்மாவின் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். உங்களைவிட அவர் அதை அளவோடு சொல்வார்.

கேள்வி: பிரான்சிலுள்ள மகளுக்கு, ஊருக்கு வந்து திரும்பும் ஒருவரிடம் கறிவேப்பிலை, கறுத்தக் கொழும்பான் மாம்பழம், நெய் ஆகியவற்றைக் கொடுத்துவிடலாமா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: மூன்றையுமே கொடுக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இறைச்சி, பால் உணவுகளைப் பயணிகள் கொண்டுசெல்ல முடியாது. நெய்யும் அதற்குள் அடங்கும். 2019 டிசம்பரிலிருந்து, தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பழங்களையும் இலைகளையும் கொண்டுபோகவும் தடை உண்டு. அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. மாம்பழத்துக்காகச் சுங்கத்தில் தலைகுனிந்து நிற்கப்போவது அடுத்த வீட்டுப் பிள்ளையே தவிர உங்கள் மகள் அல்ல.

தூள் கொடுத்துவிடுங்கள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாவற்றோடும் கறிவேப்பிலையையும் மொறுமொறுப்பாக வறுத்துச் சேர்த்துத் திரித்தால், இலையின் வாசம் தூளுக்குள் இருந்து பயணம் செய்யும். மில்லிலிருந்து வந்த சூட்டோடு கட்டாமல், கடதாசியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, இரட்டைப் பையில் இறுகக் கட்டுங்கள். ஒற்றைப் பையை நம்பிய என் பெட்டி ஒருமுறை சூரிச்சில் திறந்தபோது, மாரிக்கோட்டு முழுவதும் மிளகாய் நிறமாக இருந்தது. அந்த மாரி முடியும்வரை ட்ராமில் என் பக்கத்தில் இருந்தவர்கள் தும்மினார்கள்.

கேள்வி: ஊரோடு வந்துவிட்ட தங்களுக்கு இப்போதும் ஏதாவது ஏக்கம் உண்டா? (மாணவி, மல்லாவி)

பதில்: உண்டு. மாரி தொடங்கியதும் சுவிற்சர்லாந்துத் தெருக்களில் மரோனி என்ற கொட்டையைச் சுட்டு விற்பார்கள். கொட்டைக்கு ஒன்று, கோதுக்கு ஒன்று என இரண்டு அறைகள் ஒட்டிய கடதாசிப் பையில் தருவார்கள். குளிரில் அதைப் பிடித்திருப்பதே கைக்கு இதமாக இருக்கும். இப்போது முறிகண்டியில் பேருந்து நிற்கும்போதெல்லாம் கச்சான் வாங்குகிறேன். கோதை உடைத்ததும் கை அந்த இரண்டாவது பையைத் தேடுகிறது.