பிஸ்கட் பாட்டு பாடிய பிள்ளை

கேள்வி: சென்னையில் இருபது வருடமாக டிரம்பெட் வாசிக்கிறேன். உயிர் ஜாஸ்ஸில்தான். ஆனால் வாடகை, மகளின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் மருந்து எல்லாம் விளம்பர ஜிங்கிள் காசில் ஓடுகிறது. போன வாரம் ஜாஸ் நண்பர்கள் வந்திருந்தபோது, நான் போட்ட பிஸ்கட் ஜிங்கிளை ஆறு வயது மகள் பாட ஆரம்பித்தாள். அதட்டி உள்ளே அனுப்பினேன். கலையை விற்றுவிட்டேனோ என்று தூக்கமே வரவில்லை. ஜிங்கிளை விட்டுவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ரஹ்மான்கூட ஜிங்கிள் போட்டவர்தானே என்று நான் தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். 'கலையை விற்றுவிட்டேன்' என்று தவில்காரர் எழுதியிருக்கிறார், ஓவியர் எழுதியிருக்கிறார், நோட்ஸ் போட்டு விற்கும் தமிழாசிரியர்கூட எழுதியிருக்கிறார். எனக்குப் பழகிவிட்டது.

அந்தப் பிள்ளையை ஏன் அதட்டினீர்கள்? சுருதி விலகிவிட்டதா? 'எங்க அப்பா போட்ட பாட்டு' என்று பெருமையாக வந்து நின்றவளை, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று விரட்டியிருக்கிறீர்கள். அன்று அந்த நாலு பேர் குடித்த காபி எந்தக் காசில் வந்தது? உங்கள் அம்மாவுக்கு ஒரு அட்டை மாத்திரை வாங்கித் தந்தவர் அவர்களில் யாராவது உண்டா? சோறு போடுகிற வேலையைப் பெற்ற பிள்ளை எதிரிலேயே அசிங்கமாக்குவது எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது. ஜிங்கிள் போட்டது பாவமே இல்லை.

நீல் ஹெஃப்டியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. டிரம்பெட்காரர், கவுன்ட் பேஸியின் ஜாஸ் பேண்டுக்கு இசை எழுதியவர். 1966ல் பேட்மேன் டிவி தொடருக்கு டைட்டில் இசை போட்டதும் அவர்தான். பாட்டு வரி என்று பார்த்தால் ஹீரோ பெயர் மட்டும்தான்! அதற்குக் கிராமியும் வாங்கினார்.

இன்னொரு ஜாஸ் டிரம்பெட்காரர் குவின்சி ஜோன்ஸ், 1960ல் பெரிய பேண்டை இழுத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி, கழுத்து மட்டும் கடனோடு திரும்பினார். அப்புறம் மெர்க்குரி ரெக்கார்ட்ஸ் என்கிற இசைத்தட்டுக் கம்பெனியில் சம்பளத்துக்கு உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற பாப் பாட்டெல்லாம் தயாரித்தார். அவர் டிரம்பெட்டைப் பறித்தது அந்தப் பாட்டுகளா? 1974ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஊதக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே. தினமும் ஒரு மணி நேரம் லாங் டோன், அதாவது ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிற பயிற்சி, ஊதுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு வாரம் தொடாவிட்டால் உதடு காட்டிக்கொடுத்துவிடும். அதை ஜிங்கிள் தலையில் கட்டாதீர்கள்.

சரி, விடலாமா என்றால், கூடாது. அம்மா மருந்து நிற்கக் கூடாது. அடுத்த முறை அதே நண்பர்களைக் கூப்பிடுங்கள். மகளை நடுக்கூடத்தில் நிற்க வைத்து அந்தப் பிஸ்கட் பாட்டையே பாடச் சொல்லுங்கள். நீங்கள் டிரம்பெட் வாயில் சத்தத்தை அடக்கும் மியூட்டைச் செருகிக்கொண்டு, அவள் குரலை அமுக்காமல் பின்னால் வாசியுங்கள். அதற்கு முன்னால், இன்று ராத்திரியே, அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.