வீல்சேரில் உடல் எடை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தம்பிக்கு 34 வயது. ஐந்து வருடங்களுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடி. டி10 (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது மட்டம்) என்று எழுதியிருக்கிறார்கள். வீல்சேரில்தான் இருக்கிறான். விழுவதற்கு முன் 62 கிலோ இருந்தவன் இப்போது 74. உயரம் 170 செ.மீ. வயிறு மட்டும் தனியாகத் தள்ளி நிற்கிறது. எடை குறைய வேண்டும் என்று இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டான், தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கிறான். போன வாரம் உட்காரும் இடத்தில் ஒரு சிவப்புத் தடம் பார்த்தேன். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் தொப்பை குறையுமா?

க., தென்காசி

அன்புள்ள க. அவர்களுக்கு,

தொப்பை பிறகு இருக்கட்டும், முதலில் அந்தச் சிவப்புத் தடம். விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நிறம் முழுதாக மறையும்வரை தம்பி அந்த இடத்தில் உட்காரக் கூடாது; ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கட்டும். தோல் உரிந்தாலோ, கறுத்தாலோ, ஓரிரு நாளில் மறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உணவைக் குறைக்கும் முயற்சியும் அதுவரை நிற்கட்டும். பட்டினி கிடக்கும் உடம்பு தோலை ஆற்றாது.

புண் வந்த காரணத்தையும் பாருங்கள். பன்னிரண்டு கிலோ கூடியவருக்குப் பழைய வீல்சேர் இறுக்கமாகியிருக்கும். தொடைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். காற்றுக் குஷன் என்றால் அடியில் கைவிட்டு, உட்காரும் எலும்புக்குக் கீழே அரை முதல் ஒரு அங்குலம் காற்று இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எடை ஏறினாலும் இறங்கினாலும் இந்த அளவு மாறும்.

இனி எடை. 74 கிலோ, 170 செ.மீ. என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25.6. பொதுவான அட்டவணையைப் பார்த்து 'கொஞ்சம்தான் அதிகம்' என்று சொல்லிவிடுவார்கள். தண்டுவடக் காயத்தில் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்வதால் அந்த அட்டவணை ஏமாற்றும். இவர்களுக்கு 22-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கொள்ள வேண்டும் என்பது ஆய்வுகள் சொல்வது. தம்பியின் உயரத்துக்கு அது 63.6 கிலோ. ஆகவே பழைய 62-ஐ இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

வயிற்றின் கீழ்ப்பகுதித் தசைகளுக்கான நரம்புகள் டி10-க்குக் கீழிருந்து வருபவை. அந்தத் தசைகள் தளர்ந்ததால் குடல் முன்னே சரிகிறது. உட்கார்ந்திருக்கும்போது தெரியும் வயிறு முழுவதும் கொழுப்பில்லை. பயிற்சி செய்து அந்தத் தசையை இறுக்கவும் முடியாது. படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டதும், கடைசி விலா எலும்புக்குக் கீழே இன்ச் டேப்பால் அளந்து பாருங்கள். 90 செ.மீ.க்குள் வந்தால் நல்லது.

எடை பார்க்கப் பக்கத்து அரிசி மண்டியின் மேடைத் தராசு போதும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குஷனும் வைத்து, முதலில் அவற்றின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து தம்பியை மாற்றி உட்கார வைக்கட்டும். எண்ணைப் படிக்கும் அந்த ஒரு நொடி யாரும் அவரைத் தொடக் கூடாது, தாங்கும் கை எடையைக் குறைத்துக் காட்டும். ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை, காலையில், சிறுநீர் எடுத்த பிறகு.

உணவுக்கு வருகிறேன். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 28 கலோரி போதும் (கழுத்துக் காயம் என்றால் 23). 62 கிலோவுக்கு அது 1,740 வரும். தம்பி 1,500 முதல் 1,600 வரை சாப்பிட்டால் மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ இறங்கும். அதைவிட வேகம் வேண்டாம்.

எங்கே குறைப்பது? பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டில் இல்லை. நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டும் 160 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய்க்கு மேல் போகாமல் பாருங்கள். மதியச் சோற்றை ஒன்றரைக் கப்பில் நிறுத்துங்கள். 'வீட்டிலேயே கிடக்கிறான், வாய்க்கு ருசியாக ஏதாவது' என்று அம்மாக்கள் நீட்டும் முறுக்கும் அதிரசமும் கணக்கில் வராமலே ஏறுபவை. இதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அவர் மனம் புண்படாமல்.

குறைக்கவே கூடாதது புரதம். ஒரு கிலோவுக்கு ஒரு கிராம், அதாவது நாளுக்கு 62 கிராம். புண் இருக்கும்வரை 80 முதல் 90. இரண்டு முட்டை 12, நூறு கிராம் மீன் 20, ஒரு கைப்பிடிச் சுண்டல் 8, கெட்டிப் பருப்பு ஒரு கப் 8, ஒரு டம்ளர் தயிர் 6. மீதி சோற்றிலும் இட்லியிலும் கிடைத்துவிடும்.

தண்ணீரைக் குறைப்பது ஏன் என்று புரிகிறது: கதீட்டர் (சிறுநீரை எடுக்கும் குழாய்) போடும் தடவை குறையும். ஆனால் சிறுநீர் கெட்டியானால் தொற்று, கல், மலச்சிக்கல் மூன்றும் வரும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடித்து, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு தடவைக்கு 500 மி.லி. மிகாமல் சிறுநீர் எடுக்க வேண்டும். காலை உணவையும் விடக் கூடாது. சாப்பிட்ட இருபது, முப்பது நிமிடத்தில் குடல் தானே அசையும். மலம் கழிக்கும் வேளையை அதை வைத்துத்தான் பழக்க வேண்டும். கீரையும் காயும் கூட்டலாம், ஆனால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், மலம் நேரம் தவறிப் போய்விடும்.

பயிற்சியைப் பற்றி ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கைத் தசைகள் சிறியவை, அவை எரிக்கும் கலோரியும் குறைவு. எடை தட்டில்தான் குறையும். பயிற்சி இதயத்துக்கும் தோளுக்கும். வீல்சேர் தள்ளுபவருக்கு மார்புத் தசை இறுகி முதுகுத் தசை பலவீனமாகும். கூடுதல் எடையோடு தள்ளினால் தோள் மூட்டு சீக்கிரம் போகும். தம்பிக்கு கால் மாதிரி அந்தத் தோள். பிரேக்கைப் போட்டு, ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை பின்னால் போகும்படி இழுக்கட்டும்: பத்து முறை, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் இழுப்பதும் அதே கணக்கு. மூச்சு வாங்கும் அளவுக்கு வீல்சேர் ஓட்டுவது முதலில் 20 நிமிடம், வாரம் இருமுறை; பழகியதும் 30 நிமிடம், மூன்று முறை. அதற்கு முன் டயரில் காற்று பாருங்கள், குறைந்திருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள்தான் விலை கொடுக்கும். அழுத்தம் குறைக்கக் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதற்குப் பதில், அரை மணிக்கு ஒரு முறை முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோங்கள். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் இரண்டும் எடையைக் கூட்டக்கூடியவை. தானாக நிறுத்த வேண்டாம், அளவை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் டி மூன்றையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.