ஒரு மருத்துவமனை தன் கரிம உமிழ்வை, குறிப்பாகப் போக்குவரத்தால் வரும் உமிழ்வை, எப்படிக் குறைக்கலாம்?

தென் மாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தப் பேச்சு எழுந்தாலே ஆம்புலன்ஸையும் ஊழியர் வேனையும் மின்வண்டிகளாக மாற்றுவது பற்றித்தான் முதலில் சொல்வார்கள். அதுவும் தேவைதான். ஆனால் ஒரு நாளில் வாசலுக்கு வந்துபோகும் வண்டிகளில் மருத்துவமனையின் சொந்த வண்டிகள் மிகச் சில. மற்றவை நோயாளிகளையும் உடன் வருவோரையும் ஏற்றி வருபவை.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில், எந்த ஊரிலிருந்து, எதற்காக வந்தீர்கள் என்று சில வாரங்கள் கேட்டுப் பார்த்தோம். கிடைத்த பதில்கள் என்னை வருத்தின. பரிசோதனை முடிவை வாங்கிப் போக மட்டும் வந்தவர்கள், ஸ்கேனுக்கு ஒரு நாளும் மருத்துவரைப் பார்க்க மறுநாளும் அலைந்தவர்கள், அதே இரத்த அழுத்த மாத்திரையை மறுபடி எழுதி வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து வந்தவர்கள் எனப் பலருடைய பயணத்துக்கு எங்கள் நடைமுறைகளே காரணமாக இருந்தன. முடிவுகளைக் கைபேசிக்கு அனுப்பவும், ஸ்கேனையும் மருத்துவர் நேரத்தையும் ஒரே நாளில் அமைக்கவும் பெரிய செலவு ஆகவில்லை. இரு துறையினரையும் ஒன்றாக அமர்த்திப் பேச வைப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆனது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. அதன் நோக்கம் வேறு என்றாலும் இத்தகைய பயணங்களை அதுவும் குறைக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வழியில் வெகுதூரம் சென்றிருக்கிறது. சிற்றூர்களை ஒட்டி அது நடத்தும் நூற்றுக்கு மேற்பட்ட விஷன் சென்டர்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்துச் சொல்ல, நகரத்திலுள்ள மருத்துவர் காணொளி வழியே நோயாளியைப் பார்த்து ஆலோசனை தருகிறார். அறுவையோ மேற்சிகிச்சையோ தேவைப்படுவோர்தான் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். புதுச்சேரியிலுள்ள அதன் கிளையில் ஒரு கண்புரை அறுவையின் உமிழ்வு ஏறத்தாழ 6 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் இது ஏறத்தாழ 182 கிலோ என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறியது. இரண்டு ஆய்வுகளும் ஒரே வகை உமிழ்வுகளைக் கணக்கில் எடுத்தவை அல்ல; ஆயினும் வேறுபாடு மிகப் பெரிது. கார்டிஃபில் பயணத்தின் பங்கு சுமார் 10 சதவீதம். வாங்கிய பொருட்களின் பங்கோ பாதிக்கும் மேல். கருவிகளையும் துணிகளையும் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்துவது அரவிந்தின் கணக்கை இவ்வளவு தாழ்த்தியதற்கு முக்கியக் காரணம்.

அறுவை அரங்கின் மயக்க வாயுக்களையும் கவனியுங்கள். டெஸ்ஃப்ளூரேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பெரும்பாலான அறுவைகளுக்கு, அதைவிட மிகக் குறைவாகவே வெப்பத்தைப் பிடிக்கும் செவோஃப்ளூரேனே போதும். இன்னொரு மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைப் பொறுத்தவரை, குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

கட்டாயம் நேரில் வர வேண்டியவர்களுக்கு, அவர்கள் ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டு, அதற்குள் பார்த்து அனுப்பும்படி டோக்கன்களை வரிசைப்படுத்தலாம். பேருந்தைத் தவறவிட்டவர் முப்பது கிலோமீட்டர் தொலைவுக்கு வாடகைக் கார் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதை எங்கள் நிர்வாகத்திடம் இருமுறை எழுதிக் கொடுத்தும் ஏற்கப்படவில்லை. உங்கள் கையில் அந்த அதிகாரம் இருந்தால் இதையே முதலில் செய்யுங்கள்.