பையன் சேரப்போவது டெராஹெர்ட்ஸ் கம்பெனி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐயா, எம்.டெக். முடித்த என் மகன் சோழிங்கநல்லூரில் பெரிய ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அதை விட்டுவிட்டு, தரமணியில் பதினைந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் சேரப்போகிறானாம். டெராஹெர்ட்ஸ் என்று ஏதோ செய்கிறார்கள். விவரம் கேட்டால் 'உங்களுக்குப் புரியாதுப்பா' என்கிறான். இது நிலைக்கிற தொழிலா?
— ஒரு தந்தை, மடிப்பாக்கம்

'புரியாதுப்பா' என்றதற்கு வேண்டுமானால் திட்டுங்கள். வேலைக்காகத் திட்ட வேண்டாம். முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன், இது அப்பாக்களுக்குப் புரியக்கூடிய விஷயம்தான்.

ரேடியோ, மைக்ரோவேவ் எல்லாம் ஒரு பக்கம். அகச்சிவப்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இன்னொரு பக்கம். நடுவில் ஏறத்தாழ 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகள் ரொம்ப நாள் யாரும் தொடாமல் கிடந்தன. ஒரு டெராஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி அதிர்வு. அவ்வளவு வேகமாகச் சாதாரண டிரான்சிஸ்டர் துடிக்காது. சாதாரண லேசரோ அவ்வளவு மெதுவாக இறங்கி வராது. 1980-களில்தான், மிகக் குறுகிய லேசர் துடிப்பைக் குறைக்கடத்தி மேல் அடித்து இந்த அலையை எழுப்பவும் அளக்கவும் வழி பிறந்தது.

இந்த அலை காகிதம், துணி, பிளாஸ்டிக், நுரை வழியாகப் போகும். உலோகத்தில் பட்டால் திரும்பி வரும். தண்ணீரைக் கண்டால் அங்கேயே அடங்கிவிடும். எக்ஸ்ரே போல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றலும் இதற்கு இல்லை. இந்தத் துறையில் எந்தக் கம்பெனி பிழைக்கும், எது படுக்கும் என்பது பெரும்பாலும் இந்தக் குணங்களை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2003-இல் கொலம்பியா விண்ஓடம் சிதறியதற்குக் காரணம், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்து இறக்கையில் மோதிய நுரைத் துண்டு. நுரைக்குள் பொந்து இருக்கிறதா என்று பார்ப்பது லேசான காரியம் இல்லை. அல்ட்ராசவுண்டை நுரை விழுங்கிவிடும். எக்ஸ்ரேக்கு நுரை இருப்பதே சரியாகத் தெரியாது. டெராஹெர்ட்ஸோ நுரைக்குள் நுழைந்து, பின்னால் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும். அந்த வேலைக்கு நாசாவுக்குக் கருவி கொடுத்தது அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் இருந்த பிக்கோமெட்ரிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி.

இன்னொன்று டெராவியூ. 2001-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், தோஷிபாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து பிரிந்து வந்தது. மாத்திரையின் மேல்பூச்சை உடைக்காமல் அளப்பது அவர்கள் எடுத்த வேலைகளில் ஒன்று. பூச்சின் மேற்பரப்பிலிருந்து ஒரு எதிரொலி, அடியிலிருந்து இன்னொன்று. பூச்சு 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு பிக்கோ நொடி, அதாவது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வயிற்றில் கரையாமல் குடலில் கரைய வேண்டிய மாத்திரைக்கு இந்தத் தடிமன் உயிர்நாடி. அப்புறம் அதே எதிரொலி வித்தையைச் சிப் பாக்கேஜுக்குள் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், கார் பெயின்டை அளக்கவும் கொண்டுபோனார்கள்.

கார் என்றதும் எனக்கு நம் ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. காரின் பெயின்ட் பல அடுக்கு. காந்த முறையில் அளக்கும் சாதாரணக் கருவி இரும்புத் தகட்டின் மேல் நன்றாக வேலை செய்யும்; பிளாஸ்டிக் பம்பரில் செல்லாது. டெராஹெர்ட்ஸ் தொடாமலே, அடுக்கு அடுக்காக, பம்பரையும் அளக்கும். வாடிக்கையாளர் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார் என்பது தரமணிக் கம்பெனிக்குச் சின்ன விஷயம் இல்லை.

கஷ்டமும் உண்டு. காற்றில் இருக்கும் ஈரமே இந்த அலையைத் தின்னும். ஆய்வுக்கூடங்களில் கருவிக்குள் உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ ஊதிக்கொண்டே இருப்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தச் செலவு கூடத்தான் செய்யும். லேசரும் மலிவில்லை. ஆனால் தொலைத்தொடர்புக்காக வளர்ந்த 1550 நானோமீட்டர் ஃபைபர் பாகங்கள் இதற்கும் உதவுவதால், மேசையை அடைத்த கருவி இப்போது பெட்டிக்குள் வந்துவிட்டது.

பையனிடம் சம்பளத்தை அப்புறம் கேளுங்கள். 'எந்தப் பொருளை, யாருக்காக அளக்கிறீர்கள், அவர் காசு கொடுத்துவிட்டாரா?' என்று முதலில் கேளுங்கள். ஒரே மூச்சில் பதில் வந்தால் அனுப்பி வையுங்கள். 'புற்றுநோய், பாதுகாப்பு, 6ஜி, விவசாயம் எல்லாமே பண்றோம்பா' என்றால், ஐ.டி. வேலையிலேயே இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்.

எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் ஒரு 'டெராஹெர்ட்ஸ்' கருவியை விற்க வந்தார்கள். சூடான காற்று ஊதுகிறது. செல்கள் புதுப்பிக்கப்படும், மூட்டுவலி போகும் என்கிறார்கள். மாமியார் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்.
— ஒரு வாசகி, குரோம்பேட்டை

வேண்டாம் அம்மா. சூடாக இருக்கும் எந்தப் பொருளும் கொஞ்சம் டெராஹெர்ட்ஸ் அலை விடும். உங்கள் மாமியாரே விடுகிறார். தோலில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை ஒரு மில்லிமீட்டருக்குள் உறிஞ்சிவிடும். மூட்டு வரை அது போவதே இல்லை. ஒத்தடம் இதமாக இருப்பது உண்மை. அதற்கு வெந்நீர்ப் பை போதும். கூடவே விற்கும் 'டெராஹெர்ட்ஸ் கல்' பளபளப்பாக்கிய சிலிக்கான். நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள், பழி என் மேல் இருக்கட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

தாத்தாவின் ஓலைச்சுவடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரிக்காமல் படிக்க முடியுமா?
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஜார்ஜியா டெக்கும் சேர்ந்து, அடுக்கி வைத்த காகிதங்களில் ஒன்பது தாள் ஆழம் வரை எழுத்தை டெராஹெர்ட்ஸால் படித்துக் காட்டினார்கள். தாள்களுக்கு நடுவே இருந்த சுமார் 20 மைக்ரான் காற்று இடைவெளிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. உங்கள் ஓலைகள் இடைவெளியே இல்லாமல் இறுகிப்போயிருந்தால் அந்த வழி அடைபடும். கத்தியால் மட்டும் நெம்பிவிடாதீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உள்ள அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.

வெளிநாட்டு விமான நிலையத்தில் கையைத் தூக்கி நிற்கச் சொன்ன கண்ணாடிக் கூண்டு டெராஹெர்ட்ஸ்தானே?
— ஒரு மாணவி, அண்ணா நகர்

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பரவலாக உள்ள கூண்டு வகை 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. டெராஹெர்ட்ஸ் அதற்கு மேலே; 0.1 டெராஹெர்ட்ஸ் என்பதே 100 கிகாஹெர்ட்ஸ். இந்தக் கூண்டு அலைகளின் இனத்தைச் சேர்ந்த, 5 மில்லிமீட்டர் வரை சின்னதான அலைகளை ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் உண்டாக்கிக் காட்டிவிட்டார். கூண்டுக்குள் போகும் முன் பாக்கெட்டில் இருக்கும் சில்லறையை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி நிற்க வேண்டியிருக்கும்.