திரை அணையும் நொடியில் கீபோர்டு விளக்கைப் பாருங்கள்

கேள்வி: சார், வணக்கம். வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும் டைப்-சி டாக் ஒன்று வாங்கி, 27 அங்குல 4கே மானிட்டரையும் பழைய 24 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டரையும் அதில் மாட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை பெரிய மானிட்டர் கறுத்துப்போய், இரண்டு மூன்று விநாடியில் தானே திரும்பி வருகிறது. சில நாள் இரண்டுமே போய்விடுகின்றன. டாக்கோடு வந்த கேபிள் குட்டை என்பதால் கடையில் 2 மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டேன். டாக் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றட்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பதினான்கு வருடமாக அலுவலகங்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். டாக் மேல் புகார் வந்து, உண்மையிலேயே டாக் கெட்டிருந்தது குறைவு.

முதலில் ஒரு சோதனை. கீபோர்டை டாக்கிலேயே மாட்டி, கேப்ஸ் லாக்கை அழுத்தி விளக்கை எரிய விடுங்கள். அப்படியே வேலை பாருங்கள். திரை கறுக்கும் அந்த நொடியில் கண் விளக்குக்குப் போக வேண்டும். விளக்கும் சேர்ந்து அணைந்தால் டாக் மொத்தமாகவே ஒரு கணம் விட்டுப்போகிறது. கரண்ட், அல்லது தளர்ந்த பிளக். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் டாக் உயிரோடுதான் இருக்கிறது, படம் போகும் வழியில்தான் கோளாறு.

விளக்கு அணைகிறது என்றால் டாக்கின் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்து நேராகச் சுவரில் மாட்டுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் மட்டும்தான் நடக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் டாக்கையும் மானிட்டர்களையும் ஒரு யூபிஎஸ்ஸில் போட்டால் போதும். லேப்டாப்பின் டைப்-சி துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பையில் போட்டு எடுக்கும் லேப்டாப்பில் பஞ்சு போல அழுக்கு உள்ளே இறுகிக் கிடக்கும்; பிளக் முழுதாக உட்காராது. லேப்டாப்பை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்ல எடுங்கள், ஊசி வேண்டாம்.

விளக்கு எரிகிறது என்றால் என் சந்தேகம் முழுக்க அந்த 2 மீட்டர் கேபிள் மேல்தான். வெறும் சார்ஜிங் கேபிளாக இருந்தால் படமே வந்திருக்காது. உங்களுக்கு வந்து வந்து போகிறது. அப்படியானால் வீடியோவுக்கான கம்பிகள் உள்ளே இருக்கின்றன, சிக்னல்தான் போய்ச் சேருவதற்குள் மெலிந்துவிடுகிறது. சாதாரண டைப்-சி கேபிளில் விநாடிக்கு 10 ஜிகாபிட் வேகத்துக்கு 1 மீட்டர்தான் கணக்கு. டாக்கைச் செய்தவர்கள் குட்டைக் கேபிள் தந்தது அதனால்தான். பழைய கேபிளைத் திரும்ப மாட்டி, அது எட்டுகிற இடத்துக்கு டாக்கை நகர்த்துங்கள். நீளம் வேண்டுமென்றால் டாக்கிலிருந்து மானிட்டருக்குப் போகும் கேபிளில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு இதே தொல்லை. இரண்டு டாக் மாற்றினோம், சரியாகவில்லை. மூன்றாம் முறை போனபோது மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இழுப்பறையை ஒவ்வொரு முறை மூடும்போதும் அதன் பின்விளிம்பு கேபிளை நசுக்கிக்கொண்டிருந்தது. உறையில் நகத்தால் அழுத்தியது போல ஒரு பள்ளம். கேபிளை மாற்றி, மேசைக்காலோடு சேர்த்துக் கட்டினேன். அதோடு நின்றது. அந்த இரண்டு டாக்குகளையும் நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. நல்ல பொருளைக் கெட்டது என்று எழுதி அனுப்பிவிட்டோம்.

நீங்கள் கணக்கு பார்ப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். டைப்-சியில் வேகமான தடங்கள் 4. சாதாரண டாக்கில் பெரும்பாலும் 2 வீடியோவுக்கு, மீதி 2 யூஎஸ்பிக்கு. லேப்டாப் படம் அனுப்பும் முறை டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் அந்த இரண்டு தடத்திலும் சேர்த்துப் படத்துக்குக் கிடைப்பது விநாடிக்கு 12.96 ஜிகாபிட். 4கே திரை 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும்போது, ஏறக்குறைய 12.5 கேட்கும், ஃபுல் ஹெச்டி 3.2 கேட்கும். இரண்டும் சேர்ந்து அதில் அடங்காது. டிஎஸ்சி என்கிற சுருக்கும் வசதி இருந்தால் அடங்கும். இந்தப் பற்றாக்குறையால் திரை அணைந்து அணைந்து எரியாது. 60 ஹெர்ட்ஸ் கிடைக்காது, அல்லது இரண்டாவது திரை எழாது. ஆனால் இந்தக் கணக்கு சோதனைக்கு உதவும். 4கே திரையை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கி அரை நாள் வேலை பாருங்கள். அணையாமல் நின்றால் கேபிள் மேல் இருக்கும் சந்தேகம் வலுக்கிறது.

கேபிள் மாற்றியும் பெரிய திரை மட்டும் போகிறதென்றால், இரண்டு மானிட்டர்களின் கேபிள்களையும் டாக்கில் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு டாக்கின் துளையோடு நிற்கிறதா, கேபிள், மானிட்டர் பக்கம் போகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கும் அப்புறம்தான் டாக்கின் ஃபர்ம்வேர் (அதன் உள்ளேயே இருக்கும் மென்பொருள்), கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் எல்லாம். தயவுசெய்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாலையில் நாலைந்தை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கேள்வி: நாற்காலியிலிருந்து எழுந்தால் மானிட்டர் ஒரு விநாடி அணைகிறது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். இது என் பிரமையா?
- வாசகர், சென்னை

பதில்: பிரமை இல்லை, நானே நேரில் பார்த்திருக்கிறேன். உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலியின் நடுத்தண்டில் அழுத்தப்பட்ட வாயு இருக்கிறது. உட்காரும்போதோ எழும்போதோ அதில் நிலைமின்சாரம் பொறி விட்டு, வானொலி அலை போலப் பரவி, வீடியோ கேபிளில் ஏறிவிடும். டாக்குகளுக்கான தொழில்நுட்பம் தரும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் இதை எழுதியிருக்கிறது. ஏசி போட்டு காற்று வறண்ட அறையில் அதிகம் வரும். குட்டையான, உள்ளே நல்ல உலோக உறை (ஷீல்டு) உள்ள கேபிள் வாங்குங்கள். கேபிளை நாற்காலிப் பக்கம் தொங்க விடாமல் மேசைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். அது எப்படியும் அவசியம்.

கேள்வி: என் மேக்புக்கை டாக்கில் மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். மகனின் விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டும் தனித்தனியாக வருகின்றன. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் இரண்டு திரைகளுக்குத் தனித்தனிப் படம் அனுப்பும் முறைக்கு எம்எஸ்டி என்று பெயர். விண்டோஸ் அதை ஏற்கும், மேக் ஏற்காது. டாக்கிலும் மானிட்டரிலும் குறை இல்லை. மேக்கில் வேறொரு டைப்-சி துளை சும்மா இருந்தால் இரண்டாவது மானிட்டரை நேரே அதில் மாட்டலாம். ஆனால் சாதாரண எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். உங்களுடையது அதுவென்றால் படத்தை மென்பொருள் மூலம் யூஎஸ்பி வழியே அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்தான் வழி. அதற்கு அவர்களுடைய மென்பொருளையும் நிறுவ வேண்டும். காப்புரிமைப் பூட்டுள்ள படங்களை ஓட்டினால் திரை கறுப்பாகத் தெரியலாம். வாங்கும் முன் கடையில் உங்கள் மேக்கையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.