கடலே இல்லாத மதுரையிலிருந்து போய்க் கடலியல் படித்தால் என்னதான் கற்றுக்கொள்வோம்?

கேட்டவர் பன்னிரண்டாம் வகுப்பு, மதுரைப் பக்கம். கடலியல் என்றால் மீன்களைப் பற்றித்தானா, என்ன சொல்லித்தருவார்கள், நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் செல்லூர்க்காரி. பி.எஸ்சி. இயற்பியலை மதுரையிலேயே முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்குக் கடலியல் எடுத்தேன். வீட்டில் சொன்னதும் அப்பத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டி, இங்க இருக்கிற கண்மாயவே பாத்துக்க ஆள் இல்ல, நீ கடலப் போய் என்ன பண்ணப் போற?" நியாயமான கேள்வி. அதுவரை நான் கடலைப் பார்த்ததே மூன்று தடவை, மூன்றும் ராமேஸ்வரத்தில், அதில் ஒன்று தாத்தாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது.

மீன் மட்டுமில்லை. நீர் எப்படி நகர்கிறது, அதில் என்ன கரைந்திருக்கிறது, என்ன உயிர்கள் வாழ்கின்றன, அடித்தரை எப்படி உருவானது என்று நான்கு பக்கமும் படிக்க வேண்டும். முதல் செமஸ்டர் முழுக்க நான் மீனைப் பார்த்தது மெஸ்ஸில்தான். மற்றபடி கணக்கு, கணக்கு, அப்புறம் கொஞ்சம் கணக்கு. ஆனால் பயப்படாதே, சில கணக்குகள் பிடித்துப்போகும். மீட்டரில் ஆழத்தை எடுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமியின் வேகம் வந்துவிடும். 4000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு ஏறக்குறைய 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், விமானம் மாதிரி. அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 36 கிலோமீட்டர், நம் டவுன் பஸ் வேகம். முன்னால் போகும் தண்ணீர் வேகம் குறைய, பின்னால் வருவது வந்து முட்ட, அலை உயரமாகிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் அதிர்ந்தது ஒன்பது மணி வாக்கில் நம் கரைக்கு எப்படி வந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

உப்பு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். ஏழுகடல் தெரு தெரியும்தானே, காஞ்சனமாலை நீராடுவதற்காகச் சிவன் ஏழு கடலையும் ஒரே குளத்தில் வரவழைத்தார் என்ற கதை. கிட்டத்தட்ட அதைச் செய்தது சேலஞ்சர் என்ற கப்பல். 1872-லிருந்து 1876 வரை உலகைச் சுற்றிவந்தது. அது கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் அலசி 1884-இல் வெளியிட்டார். எந்தக் கடலானாலும் உப்பின் அளவு கூடும் குறையும், ஆனால் சோடியம், குளோரைடு, மெக்னீசியம் போன்ற முக்கியமானவற்றுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. குழம்பில் ஒரு சொம்பு தண்ணீர் கூட ஊற்றினால் காரம் குறையும், மிளகாய்க்கும் மல்லிக்கும் உள்ள கணக்கு மாறாது, அதுமாதிரி. சராசரியாக ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. அரபிக்கடலின் மேற்பரப்பில் 36-ஐத் தாண்டும். வங்கக்கடலின் வடக்கு மூலையிலோ கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுவதால் மழைக்காலத்துக்குப் பிறகு 30-க்கும் கீழே போய்விடும்.

இதையெல்லாம் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். அளக்கத்தான் அங்கே போக வேண்டும். விங்க்ளர் முறை என்று ஒன்று, 1888-லிருந்து இருக்கிறது, கடல்நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க. கண்ணாடிக் குப்பியின் அடிவரை குழாயை விட்டு நீரை நிரப்பி, வழியவிட்டு, பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி இரண்டு ரசாயனங்களை விட்டு, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிந்து படியும், இல்லாவிட்டால் வெள்ளையாக. ஆய்வகத்தில் ஜோராக வரும். பாக் நீரிணையில் ஆடுகிற படகில், வாந்தியை அடக்கிக்கொண்டு செய்தபோது என் குப்பி ஒன்றில் மிளகு அளவுக்குக் காற்று நின்றுவிட்டது. பார்த்தேன், சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடிநீரில் ஆக்சிஜன் மேல்நீரை விட அதிகம் என்று கணக்கு வந்தது. ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி கொண்டுபோய்க் காட்டினேன். சார் எண்ணைப் பார்க்கவே இல்லை, "குமிழி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். குமிழியில் இருந்த காற்றின் ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துவிட்டிருந்தது. ஒரு நாள் படகுச் செலவு போச்சு. அன்றிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும், அது செய்தித்தாளில் வந்ததானாலும், யார் எப்படி அளந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. இரண்டு வருடப் படிப்பில் எனக்கு உருப்படியாக ஒட்டிக்கொண்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

படகுக்கார அண்ணனிடம் கற்றது தனி. ராமேஸ்வரத்தில் வடக்கே இருக்கும் அமைதியான பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். நாங்கள் நீரோட்டம் அளக்கும் கருவியை இறக்கிக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நங்கூரக் கயிறு சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காத்து வாடையா இருந்தாலும் கீழ நீவாடு வேற பக்கம் இழுக்குது பாரு" என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். அரைமணி நேரம் கழித்துக் கருவியும் அதையேதான் சொன்னது. நான் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதவில்லை, எழுதியிருக்கலாம்.

மேற்பரப்பை மட்டும் காற்று எப்படித் தள்ளும் என்பதற்கு எங்கள் வகுப்பில் உதாரணம் எது தெரியுமா? 2017-இல் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் தெர்மாகோல் அட்டை மிதக்கவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் கரை ஒதுங்கிவிட்டது. மதுரைக்காரி என்பதால் என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

வேலை: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு உடனே கை நிறையச் சம்பளம் என்று எதிர்பார்க்காதே. ஒப்பந்த அடிப்படையில் ப்ராஜெக்ட் வேலைகள்தான் அதிகம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்குத் தனித்தாள் உண்டு, அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சிப் பக்கம் போகலாம். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடத் தகவலும் தரும் இன்காய்ஸ், சென்னையில் என்.ஐ.ஓ.டி. என்ற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கோவாவில் என்.ஐ.ஓ. என்ற தேசியக் கடலியல் நிறுவனம் என்று போகிற இடங்கள் இருக்கின்றன. கோடிங் கற்றுக்கொள், பைதான் போதும். கடலில் ஒரு நாள் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று மாதம். படிக்க இடம் தேடினால் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை பக்கம், மதுரையிலிருந்து பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நீச்சல்? எனக்கு இன்றுவரை தெரியாது. லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், வெயிலாக இருக்கிறது என்று அதைக் கழற்றாதே. படகில் ஏறும் முன் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போனால்தான் ரொம்பக் குமட்டும்.